கீமேன் வேதாசலத்தின் ஆள்காட்டி

திருத்தணி மலைக்கு வருகிறவர்கள் வழியில் மயிலைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். வேதாசலம் போட்டுக்கொண்டதில்லை. சாமிக்கு அது வாகனமாக இருந்துவிட்டுப் போகட்டும், பறவை என்று பார்த்தால் அதில் தெரிந்துகொள்ள அதிகமில்லை என்பது அவர் கட்சி. இருப்பதையெல்லாம் விரித்துக் காட்டிவிடுகிற ஒன்றிடம் சந்தேகப்பட என்ன இருக்கிறது? சந்தேகப்பட ஒன்றுமில்லாத இடத்தில் அவருக்கு மனம் நிற்காது.

அவருக்கு ரயில்வேயில் கீமேன் வேலை. திருத்தணி ஸ்டேஷனிலிருந்து பொன்பாடிப் பக்கமாகத் தண்டவாளத்தோடு தினமும் தனியாக நடக்க வேண்டும். தண்டவாளத்தைக் கட்டையோடு இறுக்கிப் பிடித்திருக்கும் இரும்புச் சாவிகள் தளர்ந்திருந்தால் சுத்தியலால் அடித்து ஏற்ற வேண்டும். இணைப்புகளில் போல்ட்டுகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தன்னால் ஆகாத கோளாறு எதுவும் தெரிந்தால் தண்டவாளத்தைச் செப்பனிடும் கேங்க்கின் மேஸ்திரியிடம் வந்து சொல்ல வேண்டும். நேற்று இறுகியிருந்த சாவி இன்றும் இறுகியிருக்கும் என்று நம்புகிறவன் இந்த வேலைக்கு லாயக்கில்லை. வேதாசலம் லாயக்கானவர். கே.ஜி.கண்டிகையில் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்து, கேங்க்கில் ஜல்லி இடித்து, நாற்பதை நெருங்கும்போது கீமேன் ஆனார். அதற்குள் சந்தேகம் அவருக்குக் கை கால் போல ஆகிவிட்டது. யாராவது எதிரே வந்து "இன்னா வேதாசலம், நல்லாக்கிறியா?" என்று கேட்டால், இவன் எதற்கு இதைக் கேட்கிறான் என்று பொன்பாடி வரைக்கும் யோசித்துக்கொண்டு போவார்.

அந்த நடையில் பேச்சுத் துணைக்கு ஆளில்லாததால் பறவைகளைப் பார்க்கலானார். அன்பினால் என்று சொல்லிவிட முடியாது. கம்பியில் உட்கார்ந்து தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒன்றைத் திருப்பிப் பார்ப்பது போலத்தான் அது ஆரம்பித்தது.

தந்திக் கம்பியில் பஞ்சுருட்டான் இருக்கும். பச்சை உடம்பு, வாலின் நடுவில் ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இறகு. அது தேனீயைப் பாய்ந்து பிடிக்கும், ஆனால் பிடித்த கையோடு விழுங்காது. புறப்பட்ட அதே இடத்துக்குத் திரும்பி வந்து, கம்பியில் அடித்து, தேய்த்து, கொடுக்கு போய்விட்டதென்று உறுதியான பிறகுதான் வாய்க்குள் விடும். வேதாசலத்துக்கு இது பிடித்தது. கம்பத்தின் உச்சியில் பனங்காடை மண்ணாங்கட்டி போல உட்கார்ந்திருக்கும். பறந்தால் உள்ளேயிருந்து அப்படியொரு நீலம் வெளியே வரும். அவ்வளவையும் மடித்து வைத்துக்கொண்டு ஏன் மண் நிறத்தில் இருக்கிறது என்று அவர் பலமுறை நின்று யோசித்திருக்கிறார். கரிச்சான் இன்னும் மோசம். வல்லூறு மாதிரியே குரல் கொடுக்கும். பக்கத்தில் மேய்ந்துகொண்டிருக்கும் மைனாக்கள் கவ்விய பூச்சியைப் போட்டுவிட்டு ஓடும். கரிச்சான் இறங்கி அதை எடுத்துக்கொள்ளும். முதல் தடவை அதைப் பார்த்தபோது வேதாசலமும் வானத்தை அண்ணாந்து வல்லூறைத் தேடினார். ஒரு பறவை தன்னை ஏமாற்றிவிட்டதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் அவர் மனம் முழுக்கப் பிடித்துக்கொண்டது ஆள்காட்டிதான். மஞ்சள் கால், கறுப்பு மார்பு, கண்ணுக்கு முன்னால் ஒரு துளி சிவப்புச் சதை. மரத்தில் உட்காராது. திறந்த வெளியில் நிற்கும், ஆள் தலை தெரிந்தால் கத்தும். ஊரில் எல்லோரும் அதைக் காவல்காரக் குருவி என்பார்கள். வேதாசலம் வருஷக்கணக்காகக் கவனித்து வேறொன்றைக் கண்டுவைத்திருந்தார். அது கூடு கட்டுவதில்லை. ஜல்லிச் சரிவில் ஒரு சின்னப் பள்ளம், அதில் நாலு முட்டை, கூர் முனைகள் நான்கும் உள்பக்கம் பார்த்தபடி. மேலே ஒரு புல் கூடக் கிடையாது. ஜல்லியின் நிறமும் முட்டையின் நிறமும் ஒன்று. வண்டி மேலே போனாலும் அது அசையாது. வண்டியின் மேல் அதற்குச் சந்தேகம் இல்லை. வண்டி தண்டவாளத்தை விட்டு இறங்காது என்று அதற்குத் தெரியும்.

ஆடு வந்தால் முட்டையின் மேலேயே நின்று சிறகை விரித்து முகத்துக்கு நேரே கத்தும், ஆடு ஒதுங்கிப் போய்விடும். நாய் வந்தால் சிறகு ஒடிந்தது போல் தரையில் இழுத்துக்கொண்டு அதை வேறு பக்கம் கூட்டிப்போகும். மனிதனுக்கு மட்டும் தனி ஏற்பாடு. அவன் தூரத்தில் வரும்போதே சத்தமில்லாமல் எழுந்து, தலையைத் தாழ்த்தி, குடுகுடுவென்று ஓடி, நல்ல தூரம் தள்ளி நின்று, அதன் பிறகுதான் கத்தத் தொடங்கும். ஆள் கத்துகிற இடத்தைப் போய்த் தேடுவான். ஒன்றும் இருக்காது. ஆட்டிடமும் நாயிடமும் காட்டாத மரியாதை அது என்று வேதாசலம் நினைத்தார். மனிதனை இவ்வளவு சரியாகச் சந்தேகிக்கிற ஜீவன் இன்னொன்று இல்லை.

வெயில் உச்சிக்கு ஏறும் நாட்களில் அது பக்கத்துக் குட்டைக்குப் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து ஈரத்தோடு முட்டையின் மேல் உட்காரும். அதையும் அவர் பார்த்திருக்கிறார். அதைப் பற்றி அவருக்குச் சொல்லத் தெரிந்த வார்த்தை எதுவும் இல்லை.

வீட்டில் இந்தப் பேச்சே எடுக்க முடியாது. மனைவி ரஞ்சிதம் நகரிப் பக்கத்துப் பெண். அங்கே ஆள்காட்டிக்குத் தெலுங்கில் தீத்துவு பிட்டை என்று பேர், கூரைக்கு மேல் கத்தினால் சாவு.

"அது பேரை ஊட்டுக்குள்ள எடுக்காதீங்க" என்பாள். "எங்க நைனா போன அன்னிக்கு அது கத்திகினே போச்சு."

"உங்க நைனா மூணு மாசமா படுத்துகினு இருந்தாரு. அது தினமுந்தான் கத்திகினு போச்சு."

"நீங்க நம்பாதீங்க. நீங்க எதைத்தான் நம்புனீங்க?"

அவர் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

அறுபத்தொன்பதாம் வருஷத்துக் கோடையில் லைனில் திருட்டு நடந்தது. இணைப்புப் போல்ட்டுகள் ஒன்று இரண்டாகக் காணாமல் போயின. யாரோ கழற்றிப் பழைய இரும்புக்கு விற்கிறான். காணாமல் போனதை முதலில் கண்டு சொன்னவர் வேதாசலம்தான். சொன்ன நாளிலிருந்து கேங்க்கில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற விதமே மாறிவிட்டது. டீ குடிக்கும்போது கூட எல்லோர் கண்ணும் அடுத்தவன் பையின் மேல் இருந்தது. தங்கவேல் என்ற கேங்க்மேன் எதற்கும் சிரிக்கிறவன், அதனால் வேதாசலத்துக்கு அவன் மேல் சந்தேகம். மேஸ்திரி வீரபத்திரன் எதற்கும் சிரிக்காதவர், அதனால் அவர் மேலும் சந்தேகம்.

வீரபத்திரன் ஆர்.கே.பேட்டையில் தறிக்காரக் குடும்பத்தில் பிறந்து, தறியில் உட்காரப் பிடிக்காமல் ரயில்வேக்கு வந்தவர். தறியை விட்டாலும் கண் விடவில்லை. பாவில் ஓர் இழை அறுந்தால் எட்ட நின்றே கண்டுபிடிக்கிற கண் அது. தண்டவாளத்தின் மேல் கன்னத்தை வைத்துப் படுத்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார் என்றால், எந்த இடத்தில் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அளந்து பார்த்தவர்கள் தோற்றதுதான் மிச்சம்.

ஆடிக் கிருத்திகைக்கு ஸ்பெஷல் வண்டிகள் வருவதற்குள் லைனை ஒழுங்கு செய்தாக வேண்டும். கேங்க் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறிக்கொண்டிருந்தது. கட்டையின் இருபுறமும் ஜல்லியைத் தோண்டி விலக்கி, குந்தாலி மாதிரி இருக்கும் முனை மழுங்கிய பீட்டர்களால் ஜல்லியைக் கட்டைக்கு அடியில் இடித்துச் செலுத்துவார்கள். அந்த வழியில், இரண்டு தந்திக் கம்பங்களுக்கு நடுவே, ஜல்லிச் சரிவில் ஓர் ஆள்காட்டியின் நாலு முட்டை இருந்தது. வேதாசலத்துக்கு மட்டும் தெரியும்.

ஒருநாள் தாய் தண்ணீருக்குப் போயிருந்த நேரம் அவர் குனிந்து காதை வைத்துப் பார்த்தார். முட்டைக்குள்ளிருந்து நூல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதற்குள் தாய் அவரைப் பார்த்துவிட்டு எங்கிருந்தோ கத்தியது. உடனே உள்ளே சத்தம் நின்றது. இன்னும் ஓட்டை உடைக்கவில்லை, உலகத்தைப் பார்க்கவில்லை, அதற்குள் வாயை மூடத் தெரிந்திருக்கிறது! மனிதன் அடிபட்டு அடிபட்டுக் கற்கிற ஒன்றை அது கருவிலேயே கொண்டுவந்திருந்தது.

ஓட்டுக்குள் சத்தம் கேட்டால் இன்னும் சில நாளில் பொரித்துவிடும். பொரித்த அன்றே குஞ்சுகள் எழுந்து ஓடிவிடும், அப்புறம் கேங்க் எதை வேண்டுமானாலும் இடிக்கட்டும். ஆனால் கேங்க் நாளைக்கே அங்கே வந்துவிடும் போல இருந்தது.

மேஸ்திரியிடம் சொல்லிப் பார்க்கலாமா என்று நினைத்தார். சொன்னால் கேங்க்குக்குத் தெரியும். கேங்க்குக்குத் தெரிந்தால் தங்கவேல் அன்றைக்கே வறுத்துவிடுவான். மேஸ்திரி மட்டும் என்ன, முட்டைக்காக வேலையை நிறுத்து என்று ஒருவன் வந்து கேட்டால், இவனுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்றுதானே நினைப்பார்? தானாக இருந்தால் அப்படித்தான் நினைத்திருப்போம் என்று வேதாசலத்துக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் மேஸ்திரியிடம் போய், "மதகண்டை ஜாயிண்ட் தாழ்ந்துகினு வருதுங்க. வண்டி போறப்போ கட்டை குதிக்குது" என்றார்.

மதகு, முட்டை இருந்த இடத்துக்கு நல்ல தூரம் அப்பால்.

வீரபத்திரன் அவரை ஏறிட்டுப் பார்த்தார். "எப்பப் பாத்தே?"

"இன்னிக்குத்தாங்க."

"நேத்து நான் அந்தப் பக்கம் வந்தேனே."

"வெயில் ஏறினப்புறம் குதிக்குதுங்க."

கீமேன் சொன்ன பிறகு மேஸ்திரி தள்ளிப்போட முடியாது. மறுநாள் காலை கேங்க் மதகுக்குப் போனது. வீரபத்திரன் தண்டவாளத்தில் கன்னத்தை வைத்துப் படுத்தார். எழுந்தார். மறுபக்கம் போய் மறுபடியும் படுத்தார். ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. கட்டையின் பக்கத்தில் குந்தி, சக்கரங்கள் ஒவ்வொன்றாக ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கட்டை குதிக்கவில்லை.

"எதுடா தாழ்ந்துது?" என்றான் தங்கவேல். "வேதாசலண்ணா தூக்கத்துல நடந்துகினு பாத்திருப்பாரு."

வீரபத்திரன் சிரிக்கவில்லை. வந்தது வந்தோம் என்று அங்கேயே வேலையை ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார். ஆனால் கேங்க் ஜல்லியை இடித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர் மனம் வேறொன்றை இடித்துக்கொண்டிருந்தது. நல்ல கீமேன், இத்தனை வருஷத்தில் இல்லாததை இருக்கிறது என்று சொன்னதில்லை. இப்போது சொல்லியிருக்கிறான். கேங்க்கை இங்கே அனுப்பினானா, அல்லது வேறெங்கோ வராமல் தடுத்தானா?

மறுநாள் அவர் கேங்க்கோடு போகாமல் வேலிப் பக்கமாக நடந்து, புங்கமரத்து நிழலில் நின்றார். வேதாசலம் வருவதைப் பார்த்தார். ஓரிடத்தில் நின்று, முன்னும் பின்னும் பார்த்து, குந்தி, சரிவில் கொஞ்சம் பெரிய கற்களாக நாலைந்து எடுத்து வைத்து, எழுந்து, கையைத் தட்டிக்கொண்டு போவதையும் பார்த்தார். மேயும் ஆடுகளின் காலுக்குத் தடுப்பாக வேதாசலம் அந்தக் கற்களை வைத்தார். புங்கமரத்தடியிலிருந்து பார்த்தால் அது அப்படித் தெரியாது. போல்ட்டுகள் காணாமல் போய்க்கொண்டிருக்கும் லைனில், ஒருவன் யாருமில்லாத நேரத்தில் ஜல்லியைக் கிளறி மூடிவிட்டுப் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு.

அன்று வேதாசலமும் ஒன்றைக் கவனித்தார். ஆள்காட்டி அவரைப் பார்த்துக் கத்திய பிறகும், அவர் தாண்டிப் போன பிறகும், புங்கமரத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது. யாரோ அங்கே இருக்கிறான் என்று அவருக்குப் பட்டது. முட்டைத் திருடன் என்று நினைத்தார்.

மேஸ்திரி சொல்லியனுப்பி, அடுத்த நாள் லைன் இன்ஸ்பெக்டர் டிராலியில் வந்தார். நாலு பேர் ஓடித் தள்ள, குடைக்குக் கீழே உட்கார்ந்து வந்து, அந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவே இறங்கினார். கேங்க் முழுவதும் மண்வெட்டியோடு அங்கே நின்றது. வேதாசலத்தை ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள்.

அவர் வந்து சேர்ந்தபோது ஆள்காட்டிகள் இரண்டும் வயல் பக்கம் தள்ளி நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தன.

"இன்னாய்யா இது, இப்பிடிக் கத்துது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அது எப்பவும் கத்துங்க" என்றார் வீரபத்திரன். பிறகு வேதாசலத்தைப் பார்த்து, "நீ இங்கே இன்னா வெச்சிருக்கே?" என்று கேட்டார்.

"ஒண்ணும் வெக்கலீங்க."

"முந்தாநேத்து கேங்க்கை மதகுக்கு அனுப்பினே. அங்கே ஒண்ணுமில்ல. நேத்து இங்கே குந்திகினு கல்லைப் பொறட்டினே. நானே பாத்தேன்."

வேதாசலத்துக்குப் புங்கமரம் ஞாபகம் வந்தது. திருடன் என்று நினைத்தது மேஸ்திரியையா!

"எந்த எடம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

வீரபத்திரன் தூரத்திலிருந்து பார்த்தவர். இந்தக் கம்பத்துக்கும் அந்தக் கம்பத்துக்கும் நடுவே என்று தெரியுமே தவிர, சரியான இடம் தெரியாது. ஜல்லிச் சரிவு முழுக்க ஒரே மாதிரிக் கிடந்தது. அவர் சரிவைப் பார்க்கவில்லை, வேதாசலத்தின் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இவன் கண்ணைப் பாருங்க சார். வயலைப் பாக்கறான், கம்பத்தைப் பாக்கறான், உங்களைப் பாக்கறான். அதோ அந்த ஓரத்தை மட்டும் பாக்க மாட்டேங்கறான்" என்று கையை நீட்டினார். "தங்கவேலு, அங்கே வெட்டு."

பறவை செய்ததில் தப்பில்லை. சத்தமில்லாமல் எழுந்து, சரியான தூரம் ஓடி, சரியான இடத்தில் நின்று கத்தியது. காட்டிக்கொடுத்தது வேதாசலத்தின் கண்.

தங்கவேல் மண்வெட்டியை ஓங்கினான்.

"வெட்டாதே! டேய், வெட்டாதே! முட்டை இருக்குது!"

தங்கவேல் ஓங்கிய கையோடு நின்றான். இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னா முட்டை?"

"ஆள்காட்டி முட்டைங்க."

"எங்கே?"

"உங்க காலண்டைதாங்க."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஜல்லிதான் தெரிந்தது.

"கல்லைக் காட்டி முட்டைங்கறாரே!" என்றான் தங்கவேல். "நாளைக்கு அது குஞ்சு பொரிச்சு மலையாகும்னு சொல்வாரு." கேங்க் சிரித்தது.

"இதுவும் மதகண்டை ஜாயிண்ட் மாதிரிதான் சார்" என்றார் வீரபத்திரன்.

வேதாசலம் மண்டியிட்டுத் தானே வைத்த பெரிய கற்களை நகர்த்தி, ஒரு முட்டையை எடுத்து இன்ஸ்பெக்டர் கையில் வைத்தார். அகலமான பக்கத்தில் நட்சத்திரம் போல் வெடித்திருந்தது. வெடிப்புக்குள் கடுகளவு அலகு ஒன்று அசைந்தது. இன்ஸ்பெக்டர் அதை வெகுநேரம் பார்த்தார். அவர் முகம் ஒரு நொடி மாறியது, உடனே பழையபடி ஆகிவிட்டது. முட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

"வெச்சிடு."

வேதாசலம் கூர் முனை உள்ளே வரும்படி திருத்தி வைத்தார். தான் தப்பிவிட்டோம் என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தார். திருட்டு இல்லை என்பதற்குச் சாட்சி உயிரோடு கையில் இருந்தது.

"அப்போ, மதகண்டை ஜாயிண்ட் தாழ்ந்துதுன்னு சொன்னது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

வேதாசலம் நகர்த்திய கற்களை ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

"கேக்கறேன் இல்லே?"

"தாழலீங்க."

"பொய் சொன்னே."

"ஆமாங்க."

"லைனைப் பத்திப் பொய் சொன்னே."

"இதுக்காகத்தாங்க..."

"எதுக்காக வேணா இருக்கட்டும். போல்ட்டுத் திருடன்னா போலீசு பாத்துக்கும். கீமேன் வாயில பொய் வந்தா யாருய்யா பாத்துக்குவான்? நாளைக்கு நீ வந்து தண்டவாளம் நல்லாயிருக்குன்னு சொல்லுவே. உன் பேச்சை நம்பி வண்டியை உடணும். எவன் உடுவான்?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் வேதாசலம் அதில் ஏதாவது உள்நோக்கம் கண்டுபிடித்திருப்பார். இது சாவியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தளர்ந்திருக்கிறது என்று சொல்வது போல இருந்தது. வேதாசலமே அந்தச் சுத்தியலால் இத்தனை வருஷம் தட்டியவர், சத்தம் தெரியாதா?

திருடன் இல்லை என்று நிரூபித்த அதே முட்டை பொய்யன் என்றும் நிரூபித்துவிட்டது.

டிராலியில் ஏறும்போது இன்ஸ்பெக்டர் வீரபத்திரனிடம், "இந்த எடத்தை ஒரு வாரம் தள்ளிப் பண்ணிக்கோ" என்றார். அவ்வளவுதான். ஒரே வாக்கியம்.

டிராலி போன பிறகு வீரபத்திரன் வேதாசலத்தின் பக்கம் வந்து நின்றார். "இதை என்னாண்ட சொல்லியிருந்தா நானே விட்டிருப்பேனே" என்றார்.

விட்டிருப்பாரா? வேதாசலம் அதன்பின் பல வருஷம் அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். விட்டிருப்பார் என்றால் தான் இழந்ததெல்லாம் வீண். விட்டிருக்க மாட்டார் என்றால் இப்போது சொல்வது பொய். இரண்டில் எது என்று இனி யாராலும், அந்த மேஸ்திரியாலும் கூட, சொல்ல முடியாது. கேட்காமல் விட்ட கேள்விக்குப் பதில் எந்தக் கணக்கிலும் சேராது. அன்றைக்கு "விட்டிருப்பீங்க" என்று ஒரு மரியாதைக்காவது சொல்லியிருக்கலாம். மனம் வரவில்லை.

முட்டைகள் பொரித்தன. அதை அவர் பார்க்கவில்லை. அதற்குள் கீமேன் சுத்தியலும் கொடிகளும் தங்கவேலிடம் போயிருந்தன. வேதாசலம் மறுபடி கேங்க்கில் சேர்ந்து, மேஸ்திரியின் கண்ணெதிரே பீட்டர் பிடித்தார்.

ரஞ்சிதம் முதலில் நம்பவில்லை. கேங்க்காரர்களின் பெண்டாட்டிமார் சொன்ன பிறகு நம்பினாள்.

"அப்பவே சொன்னேனே, அது பேரை எடுக்காதீங்கன்னு! ஆளைத்தான் கொல்லும்னு நெனச்சேன். இது வேலையைக் கொன்னுடுச்சு."

"வேலை போகலே. கேங்க்குக்கு மாத்திட்டாங்க."

"தனியா நடந்துகினு இருந்தீங்க. இப்போ நாலு பேரோட நிப்பீங்க. நல்லதுதான், யாராச்சும் பேசுவாங்க."

பேசினார்கள். வயலில் எங்கே ஆள்காட்டி கத்தினாலும், "வேதாசலண்ணா, உங்க சம்பந்தி கூப்பிடறாரு" என்றார்கள். போல்ட்டுகள் அவர் கீமேனாக இல்லாதபோதும் காணாமல் போய்க்கொண்டுதான் இருந்தன. அதனால் அவர் பேரில் இருந்த திருட்டுச் சந்தேகம் சொல்லாமல் கொள்ளாமல் விலகியது. விலகியதை யாரும் அவரிடம் வந்து சொல்லவில்லை. திருடன் யாரென்று கடைசி வரைக்கும் தெரியவில்லை.

தனியாக நடந்த காலத்தில் பறவைகளைப் பார்க்க நேரமிருந்தது. கேங்க்கில் தலை குனிந்தே இருக்கும், கண்ணுக்கு எதிரே ஜல்லி, ஜல்லிக்கு எதிரே பீட்டர். வண்டி வரும்போது ஓரமாக ஒதுங்கி நிற்கும் நேரத்தில் மட்டும் தலையைத் தூக்கலாம். அப்போது கம்பியில் பஞ்சுருட்டான் இருந்தால் பார்ப்பார். யாராவது தன்னைக் கவனிக்கிறார்கள் என்று பட்டால் பார்வையை எடுத்துவிடுவார்.

மறு வருஷக் கோடையில் கேங்க் ஸ்டேஷனுக்கு அப்பால் வேலை செய்துகொண்டிருந்தது. ஆள்காட்டி ஒன்று அருகிலிருந்து கத்திக்கொண்டே எழுந்து பறந்தது. வீரபத்திரன் கையைத் தூக்கினார். எல்லோரும் பீட்டரை நிறுத்தினார்கள்.

"வேதாசலம், இங்கே எதுனா இருக்குதா?"

வேதாசலம் சரிவைப் பார்த்தார். அது கத்தியபடி எழுந்தது. முட்டை இருந்திருந்தால் சத்தமில்லாமல் ஓடியிருக்கும். புழு பொறுக்க வந்தது, அவ்வளவுதான்.

"இல்லீங்க."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"இல்லீங்க மேஸ்திரி. ஒண்ணுமில்லை."

வீரபத்திரன் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு சரிவைப் பார்த்தார். மறுபடியும் முகத்தைப் பார்த்தார்.

"இந்த ரெண்டு கட்டையை விட்டுடுங்க" என்றார். "அடுத்ததுக்கு வாங்க."

"அண்ணா இல்லேங்கறாரே" என்றான் ஒருவன்.

"போன தபா மதகண்டை தாழ்ந்துகினு இருக்குதுன்னாரு. இன்னா இருந்துது? அடுத்ததுக்கு வாடா."

கேங்க் அந்த இரண்டு கட்டையைத் தாண்டிப் போனது. வேதாசலம் கூடவே போனார். அவர் கைகள் இடித்துக்கொண்டிருந்தன, மனம் பின்னாலேயே நின்றது. அந்த இரண்டு கட்டைக்கும் அடியில் ஜல்லி தளர்ந்து கிடக்கிறது என்று அவருக்குத் தெரியும். இடிக்காமல் விட்டால் மழைக்கு இன்னும் தளரும். ஒன்றுமில்லாத இடத்தில் தன் பேச்சை நம்பாததால் லைனில் ஓர் ஓட்டை விட்டிருக்கிறார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் வேப்பமர நிழலில் தூக்குப்போணியைத் திறந்தார்கள். வேதாசலம் பீட்டரைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் திரும்பிப் போனார். ஜல்லியைத் தோண்டி விலக்கினார், ஒவ்வொரு கல்லாக எல்லோரும் பார்க்கும்படி. பிறகு தனியாளாக இடிக்கத் தொடங்கினார். இரண்டு பேர் எதிரெதிரே நின்று செய்கிற வேலை அது. ஒரு பக்கம் இடித்துவிட்டு மறுபக்கம் வந்து இடித்தார். நிழலில் இருந்தவர்களில் யாரும் கேலி செய்யவில்லை, யாரும் உதவிக்கு வரவும் இல்லை.

முடித்து நிமிர்ந்தபோது வீரபத்திரன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். சுடுகிற தண்டவாளத்தில் துண்டை விரித்து, கன்னத்தை வைத்துப் படுத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். வேதாசலம் பீட்டரை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"சரியாத்தான் இருக்குது" என்றார் மேஸ்திரி.

எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இரண்டடி நடந்தவர், நின்று, திரும்பி வந்து, செருப்பு முனையால் அந்த ஜல்லியை ஒருமுறை கிளறிப் பார்த்துவிட்டுப் போனார்.